துவைத்த துணியைத் துவைத்தவன்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, அயல்நாட்டு மாணவர் பிரிவின் இயக்குநர் அம்மையார் அவர்களே, விடுதிக் காப்பாளர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பரிமாற்ற மாணவர்களுக்குத் துணையாக இருக்க முன்வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். அம்மையார் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் முறை நேரிலேயே வந்துவிட்டார். அதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: வரவேற்பு, விசா முதலிய காகித வேலை, மொழி.

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பார்கள். வீட்டுப் பிள்ளைக்கு அது சரி. விருந்தாளிப் பிள்ளை அழாது.

ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியபோது, முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் வேறு நாடுகளுக்குப் படிக்கப் போனார்கள். போய்வந்தவர்கள் சிலரை 1989இல் கூட்டிவைத்துக் கருத்துக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு. மாணவருக்கு மாணவரே உதவ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கவனியுங்கள், கேட்டதால் சொன்னார்கள்.

1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் அமெரிக்கா சென்றுவந்தவர்களை ஆராய்ந்தார். மனநிலை முதலில் மேலே, நடுவில் பள்ளம், பிறகு ஏற்றம் என்றார். நாமோ மேலே இருக்கும்போது பூச்செண்டு கொடுக்கிறோம். பள்ளம் வரும்போது நமக்குத் தேர்வு வந்துவிடுகிறது.

எனக்கும் அப்படித் தேர்வு வந்தது. மாணவனாக இருந்தபோது அயல்நாட்டு மாணவன் ஒருவனை வரவேற்கப் போனேன். அட்டையில் அவன் குடும்பப் பெயரை மட்டும் எழுதிப் பிடித்தேன். அதே பெயரோடு மூன்று பேர் வந்து நின்றார்கள்! மூவரும் என்னோடு புறப்படத் தயார். நாலாவதாக வந்தவன்தான் நம் ஆள். முதல் வாரம் நிழல்போல் ஒட்டிக்கொண்டேன். பிறகு, 'ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு' என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனேன். அவன் கூப்பிடவே இல்லை. பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். பிள்ளை அழவில்லையே!

மூன்றாம் மாதம் விடுதிச் சலவை அறையில் பார்க்கிறேன், மூட்டைத் துணியோடு உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் மடிப்புக் கலையாத துணி. 'துவைத்ததை ஏனப்பா துவைக்கிறாய்?' அறையைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டினான். 'அவருக்கு ஆங்கிலம் தெரியாது' என்றான்.

ஒரு வருடம் நம் மொழியைப் படித்துவிட்டு வந்திருக்கிறான் ஐயா! அவன் வாய் திறந்ததும் நாங்கள் அத்தனை பேரும் ஆங்கிலத்துக்குத் தாவினோம். உதவி என்றே நினைத்தோம். பெரியவர் மட்டும், தப்பும் தவறுமாக அவன் பேசி முடிக்கும்வரை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் சொல்கிறேன், அவர்களோடு நம் மொழியில் பேசுங்கள். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக. நடுவில் திருத்தாதீர்கள். புரியவில்லை என்றால் ஆங்கிலம் எங்கும் ஓடிவிடாது. எந்த மொழியில் பேசலாம் என்று முதல் நாளே நீங்கள் கேளுங்கள். அழுத பிறகு பால் காய்ச்சாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அம்மையாரிடம் ஆறு மாதமாகக் கேட்கிறேன். துணைவேந்தர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். காகித வேலையைப் பற்றி ஒரே வார்த்தை: விசா விதிகளுக்கு நீங்களாக விளக்கம் சொல்லாதீர்கள், அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கூடவே நில்லுங்கள்.

அந்தப் படிவம் இங்கே மேசைமேல் இருக்கிறதா? கொடுங்கள். கட்டத்தை நானே வரைந்துவிட்டு இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.