எங்கள் ஊரில் பாதை மிதக்கும்: ஒரு சொல்லும் அதற்குள் இருக்கும் வீடும்

"பாதை" என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? தாரிட்ட தெருவா, வயலுக்குள் போகும் ஒற்றையடித் தடமா? மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் வளர்ந்த என்னைக் கேட்டால், தண்ணீரில் மிதக்கும் ஒரு தட்டையான தளம் என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரில் பாதை மிதக்கும். கரைக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும்.

வணக்கம். அன்றாடச் சொற்களுக்குள் ஊரும் வீடும் தனிமனிதரும் இட்டுவைக்கும் பொருளைப் பற்றி இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 56 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வைத்தியசாலைக்கோ கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்துக்கோ போகவேண்டிய படுவான்கரை மக்களில் பலர் வாவியைக் கடந்தாக வேண்டும். பாலம் இல்லாத துறைகளில் மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக ஏற்றிக் கடக்கும் மிதவைக்குத்தான் எங்கள் மக்கள் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் பாதையில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது நன்றாகவே புரியும்.

இதுவரை சொன்னது ஊர்ப் பொருள். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த படி.

என் அம்மம்மா வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்திருக்கும் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாதை கரையை விட்டுவிடும். கரைக்கும் தளத்துக்கும் இடையே முதலில் ஒரு முழம், பிறகு ஒரு பாகம் என்று தண்ணீர் அகன்றுகொண்டே போகும். "பாதை போயிற்று மனே" என்று சொல்லிவிட்டு, கோபமோ பதற்றமோ இல்லாமல் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளுவார். நாளடைவில் அந்தச் சொற்றொடர் துறையை விட்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. சோறு குழைந்துவிட்டால் பாதை போயிற்று. கல்யாணப் பேச்சு ஒன்று நழுவிவிட்டால் பாதை போயிற்று. பிந்திவிட்டது, ஆனாலும் உட்கார்ந்து காத்திருக்கலாம், இன்னொன்று வரும் என்ற முழுப் பொருளையும் அந்த இரண்டு சொற்கள் எங்களுக்குச் சுமந்தன. அடுத்த வீட்டாருக்குக்கூட அதில் பாதிதான் விளங்கியிருக்கும். எந்த அகராதியிலும் இல்லாவிட்டாலும் இதுவும் முழுமையான பொருள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவியலும் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் 75 சொற்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி, ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் தம் மனத்தில் எழுந்தவற்றைக் குறித்துவைத்தார். ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், வெவ்வேறு சூழல்களில், அதே சொற்களை நான்கு முறை சோதித்து 1879இல் வெளியிட்டார். ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒரே நினைவைக் கொண்டுவந்தது என்பதும், அந்த நினைவுகளில் கணிசமானவை அவருடைய இளமைக் காலத்தைச் சேர்ந்தவை என்பதும் அவரையே வியக்கவைத்தன. துறையில் உட்கார்ந்திருந்த அம்மம்மா என்னை விட்டுப் போகாததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் ஆஸ்குட்டும் அவருடைய சகாக்களும், ஒரு சொல்லை நல்லது–கெட்டது, வலியது–மெலியது போன்ற எதிர்ச்சொற்களுக்கு இடையே ஏழு படிகளில் நிறுத்தி அளக்கும் முறையை 1957இல் விரிவாக முன்வைத்தார்கள்.

அதை இப்போதே செய்து பாருங்கள். "கடல்" என்ற சொல்லை எடுத்து, நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு ஏழு என்று வைத்து ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பிறகு கல்லடியிலோ கல்முனையிலோ 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையைக் கண்ட ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்பதற்கு முன் சற்று நிதானியுங்கள். அவர் எண் எதுவும் சொல்லாமல் எழுந்து போகவும் கூடும்.

உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லை, அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதோடு சேர்த்துக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தத் துறையில் பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாலத்துக்குப் பிறகு பிறந்த என் அக்காவின் மகள், பால் பொங்கி வழிந்த ஒரு காலையில் அவளுடைய அம்மா "பாதை போயிற்று" என்று சொல்லக் கேட்டு, தெருப்பக்கம் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்து, "பாதை அங்கேயேதானே கிடக்குது மாமா" என்றாள். மறுநாளே அவளைக் குருமண்வெளித் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதை வாவியின் நடுவில் இருந்தது.