உறுதிமொழிக்காக ஐந்து தேர்தல்கள்

வணக்கம் நண்பர்களே. நம் சட்டமன்றத்தில் பதவியேற்பவர்களுள் சிலர் ‘கடவுள் அறிய’ என்றும் சிலர் ‘உளமார’ என்றும் உறுதி கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த இரண்டாவது சொல்லுக்கு இணையான உரிமைக்காக, லண்டனில் ஒருவர் ஆறு ஆண்டுகள் போராடினார். அவர் பெயர் சார்லஸ் பிராட்லா.

1833-இல் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்த அவர், ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த இளம் வயதில், நற்செய்தி நூல்களும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று குருவிடம் விளக்கம் கேட்டார். கிடைத்தது நாத்திகன் என்ற பட்டம். வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னாளில் ‘நேஷனல் ரிஃபார்மர்’ இதழை நடத்தினார். 1866-இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார். கருத்தடை பற்றிய சிறுநூலை வெளியிட்டதற்காக 1877-இல் அவரோடு சேர்ந்து வழக்கைச் சந்தித்தவர், பிற்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்த அதே அன்னி பெசன்ட்தான்.

1880-இல், செருப்புத் தொழிலாளர்கள் நிறைந்த நார்தாம்ப்டன் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கடவுள் பேரில் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதி கூறுகிறேன் என்றார், மறுத்தார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். கடவுளை நம்பாதவரின் ஆணை செல்லாது என்று அதையும் மறுத்தார்கள். வாய் திறக்காமல் பைபிளைத் தொட்டிருந்தால் அன்றே இருக்கையில் அமர்ந்திருப்பார். உள்ளதைச் சொன்னதாலேயே அவருடைய வாக்கு நம்பத்தகாததாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வருகின்றன.

அந்த ஜூன் மாதம் பிக் பென் மணிக்கூண்டில் ஓரிரவு அடைக்கப்பட்டார். 1881 ஆகஸ்ட் 3 அன்று காவலர்கள் அவரை இழுத்து வெளியே தள்ளினார்கள். மறு ஆண்டு அவர் தாமே புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்து, தமக்குத் தாமே ஆணை செய்துவைத்துக்கொள்ள, பதவி பறிபோனது. ஆனால் 1881, 1882, 1884, 1885 என நார்தாம்ப்டன் மக்கள் சலிக்காமல் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886 ஜனவரியில், குறுக்கிட முயன்றவர்களுக்கு அவைத்தலைவர் பீல் இடம் கொடுக்காததால், அவர் ஆணையிட்டு அமர்ந்தார். 1888-இல் அவர் கொண்டுவந்த சட்டம், விரும்பியவர் உறுதிமொழியே கூறலாம் என்று வகுத்தது.

1889-இல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கும் வந்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்த ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்றே அவரை அழைத்தார்கள். 1891 ஜனவரி 27 அன்று, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை நாடாளுமன்றம் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியபோது, அவர் மரணப்படுக்கையில் இருந்தார். மூன்றாம் நாள் இறந்தார். புரூக்வுட் இடுகாட்டில் கூடிய இந்தியர்களுள், அப்போது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் நின்றிருந்தார்.