கதவு திறக்குது, வண்டி மட்டும் கிளம்பல: சாவிக்குள்ளே இருக்கும் சிப்பின் கதை

(திரையில்: டாஷ்போர்டு. கார் படத்துக்குள் சாவி போட்ட சின்ன விளக்கு ஒன்று மின்னுகிறது.)

வணக்கம். இந்த விளக்கைக் கொஞ்சம் பாருங்கள். சில வண்டிகளில் சாவிக்குப் பதில் பூட்டுப் படம் இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஓரிரு நொடி எரிந்து அணைந்துவிட்டால் பிரச்சனை இல்லை. வண்டியைப் பூட்டிவிட்டுப் போனபின் மின்னுவதும் பெரும்பாலும் காவலுக்காகத்தான். ஆனால் சாவியைத் திருப்பிய பிறகும் நிற்காமல் மின்னினால், இந்தச் சாவி யாரென்றே வண்டிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சில வண்டியில் ஸ்டார்ட்டரே சுற்றாது. சில வண்டியில் என்ஜின் பிடித்த மாதிரி பிடித்து, மறு நொடியே அணைந்துவிடும்.

உடனே எல்லோரும் செய்வது ரிமோட் பேட்டரியை மாற்றுவது. சாதாரணமாகத் திருகி ஸ்டார்ட் செய்யும் சாவியில் அதனால் பயனே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

(திரையில்: பிரித்து வைத்த சாவி.)

இந்தப் பச்சைப் பலகைதான் ரிமோட். கதவைத் திறப்பது மட்டும்தான் இதன் வேலை. நம் ஊர் வண்டிகளில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ். இதற்குத்தான் அந்த வட்டப் பேட்டரி. இந்த ஓரத்தில் உரித்த வேர்க்கடலை அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு தெரிகிறதா? இதுதான் சிப். என்ஜினுக்கு அனுமதி வாங்கித் தருவது இதுதான். இதற்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். சிப் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். வயர்லெஸ் சார்ஜரில் போன் வைக்கிற மாதிரிதான். சில சென்டிமீட்டர் தள்ளினால் பேச்சு நின்றுவிடும். சரியான சிப் இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத இந்த மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர். ஜெர்மனியில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம்.

இது எனக்குப் புரிந்தது குப்பைத் தொட்டியில் கை விட்ட நாளில்தான். பழைய சாவியின் பட்டன் கிழிந்துவிட்டது என்று ஆன்லைனில் ஒரு புதுக் கவர் வாங்கினேன். பலகையை அதற்குள் மாற்றினேன், பிளேடை, அதாவது துவாரத்தில் நுழையும் உலோகப் பகுதியை, மாற்றினேன், பழைய கவரைத் தூக்கிப் போட்டேன். கதவு அழகாகத் திறந்தது. என்ஜின் ஒரு நொடி ஓடி நின்றது. நான்கு தடவை அதே கதைதான். அப்புறம் டீத்தூளுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவிலிருந்து அந்தப் பழைய கவரைத் தேடி எடுத்து, துடைத்து, சாவித் துவாரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதுச் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பிவிட்டது! சிப் பழைய கவரிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. வேலை மிச்சம் என்று அதை ஸ்டீயரிங் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். பிறகு வெறும் பிளேடு வெட்டி வருகிறவனுக்கும் வண்டி கிளம்பும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் கிளம்பினால் கோளாறு சாவியில்தான். கீழே விழுந்து சிப் உடைந்திருக்கலாம், கழன்றிருக்கலாம். இரண்டிலும் கிளம்பாவிட்டால் சந்தேகம் வண்டிப் பக்கம் போகும். ஆனால் ஒன்று, இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசினால் சுருளுக்கு இரண்டுமே புரியாது. பெரிய இரும்புக் கீ செயினையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து பானட்டைத் திறந்து வண்டி பேட்டரியைப் பாருங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போயிருந்தால், சாவியைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, சிப்பை விசாரிக்கும் பெட்டியே தடுமாறிவிடும்.

(திரையில்: ஸ்டார்ட் பட்டன்.)

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் மட்டும் கதை வேறு. அங்கே சாவி தானாகப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு அந்த வட்டப் பேட்டரி வேண்டும். அது தீர்ந்து, சாவியைக் காணோம் என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்தினாலே போதும். அந்தச் சாவிக்குள்ளும் பேட்டரி வேண்டாத சிப் ஒன்று உண்டு. சில மாடலில் அதற்கென்று தனி இடம் இருக்கும்; வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

தெருமுனையில் வெட்டிய டூப்ளிகேட் சாவியா? கதவு திறக்கும், துவாரத்திலும் திரும்பும், ஆனால் கிளம்பாது. வெட்டியவர் மேல் தப்பில்லை. நாம் சிப் கேட்கவில்லை. சிப் உள்ள சாவியைக் கருவி வைத்து வண்டியில் பதிய வேண்டும். போகும்போது ஆர்சி புத்தகத்தோடு வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் எடுத்துப் போங்கள். சில வண்டிகளில் புதிதாகப் பதியும்போது பழைய பதிவு அழிந்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டி வரும். முடித்ததும் ஒவ்வொரு சாவியாக, மற்றவற்றை வண்டிக்கு வெளியே வைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து அரை நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு காசை எடுங்கள்.