காது குத்திக்கொண்டேன், ரசீதில் 666

வணக்கம் நண்பர்களே. முதலில் தலையை இந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். இப்போது அந்தப் பக்கம். இருங்கள், ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். இப்போது நன்றாகத் தெரியும். ஆம், காது குத்திக்கொண்டேன்! இரண்டு காதிலும், தங்கத்தில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக இந்தக் கேமரா முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வளர்ந்து, பிறகு விட்டு வெளியே வந்த பெந்தெகொஸ்தே சபையில் பெண்களுக்கு வெள்ளைச் சேலை மட்டும்தான். பூ கிடையாது, பொட்டு கிடையாது, தாலிகூடக் கிடையாது. சினிமா பாவம், டிவி பாவம், பக்கத்து வீட்டுப் பொங்கல் விக்கிரகத்துக்குப் படைத்தது. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு. சபையின் பெயரை இங்கே நான் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். அம்மா இன்னும் அங்கேதான் போகிறார். பிச்சிப்பூ வீடியோவைப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

அந்த வீடியோவுக்குப் பிறகு தோவாளைப் பூச்சந்தைக்கு அடிக்கடி போகிறேன். இப்போது எனக்கென்று ஒரு ரசனை வந்துவிட்டது. பிச்சிதான் பூ. கனகாம்பரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வாசனை இல்லாத பூவை எதற்காகத் தலையில் சுமக்க வேண்டும்? பூ விற்கும் பாட்டி ஒருவர், “மக்களே, பூ வைத்த முகத்துக்கு ஒரு கம்மல் இல்லையே” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் தொடங்கியதுதான் இது.

இப்போது நகைக்கடைக்கு வருகிறேன். இதை விவரமாகத்தான் சொல்வேன். பவுன் லட்ச ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் முதன்முதலாக நகை வாங்குபவளின் நிலைமையை யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? நாங்கள் போன அன்று கிராம் 12,500 ரூபாய், அதாவது எட்டு கிராம் பவுன் சரியாக ஒரு லட்சம். கல் வைத்த கம்மல் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கல்லின் எடைக்கும் தங்கத்தின் எடைக்கும் நடுவே நடக்கும் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. உருண்டையான, சிறிய, திருகு வைத்த ஒரு ஜோடி. எடை 1.600 கிராம். தங்கத்தின் விலை 20,000. அதற்கு மேல் சேதாரம் 18 சதவீதம் என்றார் விற்பனையாளர். 3,600 ரூபாய்! “அண்ணாச்சி, இதில் சேதமாவதற்கு என்ன இருக்கிறது? பட்டாணி அளவு உருண்டை” என்றேன். 16 என்றார். எழுந்தேன். 14 என்றார். என்னுடன் வந்த தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள், போதும் என்று. நான் விடவில்லை. அடுத்த கடையில் 12 சொன்னார்கள் என்றேன். உண்மையிலேயே சொன்னார்கள், அங்கே போய்விட்டுத்தான் இங்கே வந்தோம். கடைசியில் 11. அதாவது 2,200 ரூபாய். 1,400 ரூபாய் மிச்சம்! அந்தப் பணத்தில் தோழிக்கும் எனக்கும் மீன் சாப்பாடு போக, வீட்டுக்கு ஒரு மின்விசிறிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

ஹால்மார்க் விஷயம் விட்டுப்போய்விட்டது. அது சேதாரத்துக்கு முன்னால் நடந்தது. தங்கத்தின் தூய்மையைக் காட்டும் 916 முத்திரையும் ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியீடும் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு அது கட்டாயமில்லை என்றார்கள். சட்டப்படி அது சரிதான், நானும் பார்த்துவிட்டேன். ஆனாலும் குறியீடு உள்ள ஜோடியைத் தேடி எடுக்கச் சொன்னேன். நாலைந்து தட்டு இறக்கினார்கள். கிடைத்தது. ஹால்மார்க்குக்குப் பொறுப்பான அரசு அமைப்பான பி.ஐ.எஸ். செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்த்தபின்தான் பணம் எடுத்தேன். என்னிடம் சொல்லப்படுவதை நானே சரிபார்க்கலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்பதற்குக்கூடப் பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொல்லிக் காத்திருந்த வீடு எங்களுடையது.

ரசீது வந்தது. 20,000, அதனுடன் 2,200, மொத்தம் 22,200. அதற்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. மத்திய வரி 333, மாநில வரி 333. கூட்டிப் பாருங்கள்.

666.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பொய் சொல்லமாட்டேன். அது கடைசி நாட்களில் வரும் தீய மிருகத்தின் எண், மிருகத்தின் முத்திரை என்று சிறுவயதில் எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! சோப்பு உறையில் இருக்கும் பார்கோடில் தொடங்கி ஆதார் அட்டை வரைக்கும் அந்த எண்ணைத் தேடியிருக்கிறோம். பஸ் டிக்கெட்டில் அந்த எண் வந்தால் கிழித்துப் போட்டுவிடுவோம். என் சபைக்காரர் யாராவது அந்தக் கடையில் நின்றிருந்தால், ஒரு ரூபாய் கூட்டியோ குறைத்தோ போடச் சொல்லியிருப்பார். நான் 22,866 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, அந்த ரசீது. கடையின் பெயரை மறைத்திருக்கிறேன், எண்ணை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, முன்பு படித்ததை மறுபடி எடுத்துப் படித்தேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தில் 666 என்று இருக்கிறது. ஆனால், எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த மிகப் பழைய பாப்பிரஸ் பிரதி ஒன்றில் அதே இடத்தில் 616 என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைத் தலைவர் இரேனியுஸுக்கே இந்த வேறுபாடு தெரியும், 616 தவறு என்று எழுதியிருக்கிறார். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு; ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை அந்த எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும், லத்தீன் உச்சரிப்பில் எழுதினால் 616 வரும் என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். ரோமாபுரியின் கொடுமையில் தவித்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதை வைத்து ஒரு எட்டு வயதுப் பெண்ணைச் சோப்பு உறைக்குப் பயப்பட வைத்தார்கள். இந்தக் கோபம் எனக்குக் குறையவில்லை, குறைய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்னும் இரகசிய வருகையும் அப்படித்தான். பள்ளியிலிருந்து வந்து வீட்டில் அம்மா இல்லை என்றால், எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று வாசலில் நின்று அழுவேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார். அந்தப் போதனை இன்று நாம் கேட்கும் வடிவில் 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் வழியாகப் பரவியது என்று படித்த இரவில் நான் தூங்கவில்லை. என்றென்றும் இருந்த சத்தியம் என்று சொல்லித்தந்த ஒன்றுக்கு இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை!

நகை பாவம் என்பதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் வசனங்கள் 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3. சரி. ஆதியாகமம் 24இல் ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் பொற்காதணியும் இரண்டு கடகங்களும் கொடுக்கிறானே என்று ஓய்வுநாள் பள்ளியில் நான் கேட்டேன். அது பழைய ஏற்பாடு, நமக்குப் பொருந்தாது என்றார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கும் தசமபாகத்துக்குக் காட்டும் மல்கியா 3:10 மட்டும் எந்த ஏற்பாட்டில் இருக்கிறது? அதை அன்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்று கேட்கிறேன்.

காது குத்தியது டாக்டரிடம். கடைகளில் துப்பாக்கி போல ஒன்றை வைத்து டப் என்று அடிப்பார்களே, அது வேண்டாம். அதன் பிளாஸ்டிக் பாகங்களைக் கொதிநீராவியில் சுத்தப்படுத்த முடியாது. ஊசிதான் நல்லது. குத்தும் முன் டாக்டர், “டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?” என்று கேட்டார். போட்டதே இல்லை என்றேன். சின்ன வயதிலும்? சின்ன வயதிலும். சொட்டு மருந்து? அதுவும் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை, பரிதாபமும் படவில்லை. ஒரு தாளை எடுத்து அட்டவணை எழுதினார்: டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்கும் சேர்த்து டி.டி. ஊசி இன்று ஒன்று, நான்கு வாரத்தில் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. தட்டம்மைக்கும் தனியாகப் போட வேண்டுமாம். காது குத்தியதைவிட அந்த ஊசிதான் எனக்குப் பெரிது. தோளில் வலித்தபோது அழுதுவிட்டேன், நிம்மதியில்.

ஏனென்றால், எங்கள் சித்தி. இவரைப் பற்றி இங்கே நான் அதிகம் பேசியதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சபையில் சாட்சி சொல்வதற்காக அதை நிறுத்தினார். சுகமாகிவிட்டது என்று மேடையில் சொன்னார், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். நானும் கை தட்டினேன். பிறகு காலில் புண் வந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். விசுவாசத்தில் தளர்ந்ததால்தான் என்று அப்போதும் பழியை அவர்மேலேயே போட்டார்கள். இதை நான் மன்னிக்கவில்லை.

சித்தி இன்றும் விசுவாசிதான். அதை நான் மாற்ற முயலவில்லை. கொலோசெயர் 4:14ஐ மட்டும் திறந்து காட்டினேன். பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். “பவுலோடு ஒரு டாக்டர் இருந்திருக்கிறார் சித்தி” என்றேன். நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. 2021இல் அரசு தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஊழியர் வீடு தேடி வந்து பார்த்து மருந்து தருகிறார். ஜெபித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குகிறார். விழுங்குகிறாரே, அது போதும் எனக்கு.

அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். காதைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. இரவில் போன் செய்து, “தலையணையில் அந்தப் பக்கம் அழுத்திப் படுக்காதே, தேங்காய் எண்ணெய் தடவு” என்றார். அம்மாவுக்கும் ஒருகாலத்தில் கம்மல் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்த அன்று கழற்றிக் காணிக்கையாகப் போட்டுவிட்டார். அவர் காதில் அந்தத் தழும்பு இப்போதும் தெரியும். எண்ணெய் வேண்டாம், உப்புக் கரைசலால்தான் துடைக்க வேண்டும் என்பது டாக்டரின் பேச்சு. டாக்டர் சொன்னபடிதான் செய்கிறேன். ஆனால் அம்மா போன் செய்தாரே!

இனி நீங்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி: இப்போது எதை நம்புகிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தூக்கியெறியச் சொல்பவர்களும் எனக்குப் பிடிக்காது, வேறு சபைக்கு வா என்று நம்பர் கேட்பவர்களும் பிடிக்காது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பத்தில் ஒரு பங்கு கொடுப்பதை நிறுத்தவில்லை. அது இப்போது எங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் காலேஜ் கட்டணத்துக்குப் போகிறது. சமைக்கும்போது பழைய பாட்டுகள் பாடுகிறேன், அவை என் பாட்டுகள். உபவாசத்தை விட்டுவிட்டேன், பசி எனக்கு ஒருபோதும் கடவுளைக் காட்டியதில்லை. கடவுள் இருக்கிறார் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் நோயைத் தண்டனையாக அனுப்புகிறார் என்று நம்ப மறுக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார்: சபையை விட்டு வெளியேற எழுதிக் கொடுக்க வேண்டுமா, கையெழுத்துக் கேட்கிறார்களே? வேண்டாம் அம்மா. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உங்களுக்கும் தந்திருக்கிறது. போவதை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் முதலில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஊசி போடாமல் வளர்ந்தவர் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாவது ஊசி போட்டதும் அடுத்த வீடியோ. வருகிறேன் நண்பர்களே.