ரத்துகலவில் ஓர் இரவு, தோளில் ஒரு கோடாலி

வணக்கம் உறவுகளே. சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் மா இடிக்கிறார்கள். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் பேசுகிறேன். நேற்றுக் காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கினேன், கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

போனது ரத்துகலவுக்கு. மொனராகலை மாவட்டம், பிபிலைக்கு அப்பால், கல் ஓயாக் காட்டை ஒட்டிய மலையடி. இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் குடும்பங்கள் வாழ்கிற ஊர். வேடர் என்றாலே எல்லாரும் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைக்குத்தான் போவார்கள். எனக்குக் கூட்டம் இல்லாத இடம் வேண்டும். கம்பஸில் என்னோடு படித்த தோழிக்கு இங்கே ஒரு குடும்பத்தைத் தெரியும், ஒரு இரவு தங்கக் கேட்டுத் தந்தாள். தனியாகப் போகிறேன் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மம்மாதான், "வள்ளியம்மையின்ர ஆக்களே? போயிட்டு வரட்டும்" என்று முடித்துவைத்தார். கதிர்காமக் கந்தன் பெண் எடுத்த குலம் என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

இரவு பஸ் எடுத்து விடிய மட்டக்களப்பு. அங்கே பதுளை பஸ், மகா ஓயா வழியாகப் பிபிலை. பிறகு ஓட்டோ. ஓட்டோ அண்ணா பதுளைப் பக்கத் தோட்டத்துத் தமிழர், அது என் அதிர்ஷ்டம். என் சிங்களம் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கிற அளவுதான். வழியில் நில்கல என்கிற இடம் வரும், இந்தக் காட்சியைப் பாருங்கள். உயரமான புல், நடுநடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள். திரிபலாச் சூரணம் போத்தலில் வாங்கித்தான் எனக்குப் பழக்கம். இங்கே அது காடாகவே நிற்கிறது.

வீட்டு வாசலில் ஐயா என் முன்கைகள் இரண்டையும் தன் இரு கைகளாலும் பிடித்தார். அவர்கள் வணக்கம் சொல்கிற முறை அது. "ஹொந்தமை" என்றார். நல்லது, சுகம் என்று அர்த்தம். அவர்களுடைய பழைய மொழியில் இப்போது அன்றாடம் வருவது சில சொற்கள்தான், வீட்டில் பேசுவது சிங்களம். அவர் போட்டிருந்தது ஏதோ கிரிக்கெட் போட்டிக்கு அடித்த நீல ரீசேட்.

சரி, இனி வருவதை வெட்டிவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்த ரீசேட் பிடிக்கவில்லை. தம்ப்நெயிலுக்கு, வீடியோவின் முகப்புப் படத்துக்கு, என்ன செய்வது? "கோடாலியோடு, மேலுடம்பில் சட்டை இல்லாமல் ஒரு படம் எடுக்கலாமா?" என்று ஓட்டோ அண்ணாவைக் கேட்கச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ரீசேட்டைக் கழற்றிவிட்டு, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நான்கு படம் எடுத்தேன். திரும்பப் போய் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பிளேன்டி குடிக்க உட்கார்ந்தார். இவ்வளவுதான் நடந்தது.

பிறகு அவர் கதை சொன்னார், அண்ணா மொழிபெயர்த்தார். முன்னோர் தனிகல மலைப்பக்கம் இருந்தவர்கள். 1949-இல் கல் ஓயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தபோது இவர்கள் புழங்கிய நிலத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போனது. 1954-இல் காடு தேசியப் பூங்கா ஆனது. வேட்டை குற்றம், உள்ளே போகவே அனுமதி வேண்டும். கொடியில் ஏணி கட்டிப் பாறையில் இறங்கி, புகை போட்டு மலைத்தேன் எடுத்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு அம்மம்மாவின் ஊர் மயிலிட்டி ஞாபகம். அம்மம்மா 1990-இல் யுத்தத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். 2017 ஜூலையில் துறைமுகப் பக்கம் 54 ஏக்கரை இராணுவம் விட்டபோது நாங்கள் எல்லாரும் போனோம். வீடு இல்லை, அத்திவாரம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது என்று அம்மம்மாவுக்கு ஒரே சிரிப்பு. படம் எடுக்க வந்த ஒருவர் சொன்னார், "சிரிக்காமல் நில்லுங்கோ அம்மா." அம்மம்மாவும் சிரிக்காமல் நின்றார். அந்த ஆளை எட்டு வயதுத் தங்கச்சிக்குக்கூடப் பிடிக்கவில்லை. நான் அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

பொழுதுபட ஓட்டோ அண்ணா போய்விட்டார், மொழியும் அவரோடு போய்விட்டது. குசினியில் அந்த வீட்டு அம்மா திரிகையில் குரக்கன், அதாவது கேழ்வரகு, அரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் அதே திரிகை இருக்கிறது, அதன்மேல் குரோட்டன் சாடி வைத்திருக்கிறோம். நானும் உட்கார்ந்து சுற்றினேன். கைபிடி பாலிஷ் போட்டதுபோல வழுவழுப்பு. நான் வேகமாகச் சுற்றச் சுற்ற மா கொரகொரவென்று விழுந்தது. அம்மா என் கையின்மேல் தன் கையை வைத்து வேகத்தைக் குறைத்தார். ஒரு பிடி போடு, மூன்று சுற்று, அப்புறம் அடுத்த பிடி. கொதிதண்ணீரில் கிண்டிய களியை உருட்டி, கீரைக்கறியோடு தந்தார். உப்புக் குறைவு, ஆனால் இரண்டாம் தரமும் வாங்கினேன்.

ஒன்பது மணிக்கு போன் சார்ஜ் தீர்ந்தது. பவர்பேங்க் கோண்டாவிலில் மேசைமேல் கிடந்தது, ஆகவே இரவுக் காட்சி எதுவும் இல்லை. அவர்கள் மகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தந்தார்கள். நடுச்சாமத்தில் சேனைப் பக்கம், காடு வெட்டிப் பயிர் செய்கிற நிலத்தில், யானையை விரட்டப் போடுகிற வெடி ஒன்று. நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். மகள் கண்ணைத் திறக்காமலே என் சேலைத்தலைப்பு... இல்லை, போர்வை, அதைப் பிடித்து இழுத்துப் படுக்கச் சொன்னாள்.

காலையில் அவர்கள் வீட்டில் போனுக்குச் சார்ஜ் போட்டேன். முதல் வேலையாக ஐயாவிடம் அந்த நான்கு படங்களையும் காட்டி, அவர் முன்னாலேயே அழித்தேன். மன்னிப்புக் கேட்கச் சிங்களத்தில் சொல் வரவில்லை. அவர் சிரித்தார். உள்ளே போய்க் கோடாலியைக் கொண்டுவந்து என் தோளில் வைத்தார். போனை வாங்கிப் பேரனிடம் கொடுத்தார். பிறகு தன் முகத்தை உம்மென்று வைத்துக்காட்டி, இப்படி நில் என்று கைகாட்டினார். வீடு முழுக்கச் சிரிக்கிறது, என்னால் முகத்தை அப்படி வைக்க முடியவில்லை.

நீங்கள் அமத்தி உள்ளே வந்த படம் அதுதான். மூலையில் மங்கலாகத் தெரிவது பொடியனின் விரல்.