படம் சொல்லாமல் விட்டது

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக்கு வந்து படத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். ஆனால் இன்று பேசப்போவதே படத்தில் இல்லாததைப் பற்றி, அதை வைத்துப் பிள்ளைகள் சொல்லும் கதைகளைப் பற்றி என்பதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற கேள்வியைத் தெரியாமல் இருக்காது. தமிழ்த் தேர்வில் ஒரு படம் கொடுப்பார்கள், அதைப் பார்த்து எழுத வேண்டும். நல்ல கேள்வி, யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மரம் நடும் படம் வந்தால் அதற்கு ஒரு கவிதை, ஏர் உழும் படம் வந்தால் அதற்கு ஒரு கவிதை என்று கைடில் தயாராக இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படங்கள் எல்லாவற்றையும் தாங்களே சொல்லி முடித்துவிடுகின்றன. மரம் நடுகிறார்கள், மழை வரும், நாடு செழிக்கும். அதற்கு மேல் கேட்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

சரி, வெற்றுத் தாளைக் கொடுத்து "உனக்குத் தோன்றிய கதையை எழுது" என்று விட்டால்? அது இன்னும் மோசம். பாதிப் பேர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் நேற்று டிவியில் பார்த்ததை எழுதுவார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகைப் படம் இருக்கிறது. ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. என்னவென்று மட்டும் படம் வாயைத் திறக்காது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு உட்காரும்போது நான் எடுத்துப்போவது இப்படிப்பட்ட படங்களைத்தான்.

ஒரு உதாரணம். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் புகைப்படம். சுற்றிலும் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்தது. மணல், பின்னால் கடல், நடுவில் வீடே இல்லாத ஒரு வாசல். நான் எதுவும் சொல்லவில்லை. "வீட்டைக் கடல் எடுத்துட்டுப் போயிடுச்சு மிஸ், வாசலை மட்டும் விட்டுடுச்சு" என்றான் ஒரு பையன். "இல்ல, வீடு கடலுக்குள்ளதான் இருக்கு, இதுதான் அதோட கேட்டு" என்றாள் இன்னொருத்தி. அதுவரை பேசாமல் இருந்த ஒரு சின்னப் பெண், "அப்ப காலிங் பெல் எங்க இருக்கும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அன்றைய பொழுது முழுக்க அந்த பெல்லைத் தேடுவதிலேயே போனது. ஒருவன் கதையில் அது ஒரு மீனவரின் வலையில் சிக்குகிறது. அவர் தெரியாமல் அழுத்திவிட, கடலுக்குள் யாரோ விளக்கைப் போடுகிறார்கள்.

கதைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். ஷ்மிட் என்ற டென்மார்க்காரர், 1930இல் அந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர், அவருடைய நினைவுச் சின்னம் அது. உண்மை தெரிந்ததும் கதை அடங்கிவிடும் என்றுதான் நினைப்போம். "காப்பாத்தப்பட்டவங்க அப்புறம் எப்பவாவது இங்க வந்து பார்த்தாங்களா மிஸ்?" என்று ஒரு கேள்வி வந்தது. அங்கிருந்து புதிதாக ஒரு கதை கிளம்பியது. தகவலை முதலிலேயே சொல்லியிருந்தால் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

இந்த வேலைக்கு மாமல்லபுரத்தை விட்டால் வேறு இடம் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். 'அர்ச்சுனன் தபசு' என்று நாம் சொல்லும் பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ நூறடி நீளத்துக்குப் போகிறது. ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: பெரியவர்களுக்கே விடை தெரியாத படம் என்றால் அவர்கள் முதுகு நிமிர்கிறது. ஆனால் நான் காட்டுவது அந்தத் தவசியை அல்ல, பெரிய யானையின் பக்கத்தில் நிற்கும் பூனையை. முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். எலிகளை ஏமாற்றும் போலித் தவசி என்பது வழக்கமான விளக்கம். பாரதத்திலும் அப்படி ஒரு பூனைக் கதை உண்டு. விளக்கத்தை மறைத்து வைத்துவிட்டுக் கேட்டால், பூனை கண்ணாமூச்சிக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். எலிகள் தங்களுக்கும் தவம் கற்றுத்தரச் சொல்லி வந்திருக்கின்றன என்கிறார்கள். யானை மிதித்துவிடாமல் இருக்கக் கையைத் தூக்கி "நிறுத்து, நிறுத்து" என்கிறதாம், இதுவும் ஒரு கதை. எனக்கு இதுதான் பிடித்தது.

அமெரிக்காவில் கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் என்ற ஓவியர் 1984இல் இதையே ஒரு புத்தகமாகச் செய்தார். 14 படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, ஒரே ஒரு வரி. ஓர் ஓவியர் பதிப்பாளரிடம் இந்தப் படங்களைக் கொடுத்துவிட்டு, கதைகளை நாளை கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை என்று முன்னுரையையும் ஒரு புதிராக்கிவிட்டார். அங்கே எத்தனையோ வகுப்பறைகளில் பிள்ளைகள் அதை வைத்துக் கதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1947இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமாவில் இரண்டு புகைப்படங்களைப் போட்டு வாசகர்களைத் தலைப்பு எழுதச் சொல்வார்களே, வயதில் மூத்த நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படமும் அப்படித்தான்: உருவிய வாள், தோளில் பிணம், இருட்டு. கதை தெரியாத ஒரு குழந்தையிடம் அதைக் காட்டினால் "அந்த ஆள தூக்கிட்டு எங்க போறாரு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

ஒரு எச்சரிக்கை. 1930களில் ஹார்வர்டில் ஹென்றி மரே, கிறிஸ்டியானா மார்கன் என்ற இருவர், தெளிவில்லாத படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லி மனத்தை ஆராயும் ஒரு முறையை உருவாக்கினார்கள். 31 அட்டைகள், அதில் ஒன்று வெற்று அட்டை. அது பயிற்சி பெற்ற உளவியலாளர்களின் வேலை. உங்கள் பிள்ளையின் கதையில் பாட்டி செத்துப்போனால் பதறாதீர்கள். பல நேரங்களில், பாட்டி இருந்தால் வெளியே போக விடமாட்டார் என்பதற்காகத்தான் கதையிலிருந்து நீக்கப்படுகிறார்!

அப்புறம் பேய். முதல் பத்து நிமிஷம் எந்தப் படத்தைக் காட்டினாலும் பேய்தான் வரும். வரட்டும். "அந்தப் பேய்க்கு என்ன பயம்?" என்று கேளுங்கள், சினிமாப் பேய் போய்ப் பிள்ளையின் சொந்தப் பேய் வந்துவிடும். "படத்தில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பட்டியல்தான் கிடைக்கும். "இதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது?", "படத்துக்கு வெளியே, இந்த ஓரத்தில் யார் நிற்கிறார்கள்?" இப்படிக் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லும்போது அருவி மாதிரிக் கொட்டும் பிள்ளை, எழுதச் சொன்னதும் நின்றுவிடுகிறது. "ஓடிட்டான்" என்று நினைத்ததை "ஓடிவிட்டான்" என்று மாற்றுவதற்குள் கதை கை நழுவிப்போகிறது. முதலில் பேச்சு நடையிலேயே எழுதட்டும். சின்னப் பிள்ளை என்றால் அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒரு வார்த்தையும் திருத்தாமல். ஒற்றுப் பிழையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

படத்துக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். போன் போதும். இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெளிச்சம் தெரியும் கடை, மெரினா மணலில் ஒற்றைச் செருப்பு, மின்சார ரயில் இருக்கையில் யாரோ மறந்துவிட்ட டிபன் கேரியர். முகம் இருக்கும் படத்தை மட்டும் தவிர்க்கலாம். முகத்தில் சிரிப்போ அழுகையோ தெரிந்துவிட்டால் பாதிக் கதை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. திரும்பி நிற்கும் முதுகு என்றால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

நன்றி, வணக்கம்.