எதிர்ப்பக்கம் இருக்கிறது யாரு?

வணக்கங்க. தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி பக்கம் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிற பசங்களுக்கும் ஓசூர்ல மெஷின் டேட்டாவ சர்வருக்கு அனுப்புற புரோகிராம் எழுதுறவங்களுக்கும்தான் இந்த பேச்சு.

சர்வர் எழுதுறீங்க, போர்ட்ட பிடிக்கிற பைண்ட், கேக்க ஆரம்பிக்கிற லிஸன் முடிச்சு, வர்ற கிளையன்ட்ட ஏத்துக்கிற அக்செப்ட் கூப்பிட்டாச்சு, கிளையன்ட் ஒண்ணு வந்து கனெக்ட் ஆயிடுச்சு, அது எந்த ஐபில இருந்து வந்துச்சுன்னு தெரியணும். அதுக்கு கெட்பியர்நேம்னு ஒரு ஃபங்ஷன் இருக்குங்க, 1983ல பெர்க்லி யூனிக்ஸ் 4.2ல வந்தது, சாக்கெட் நம்பர, அதாவது அந்த இணைப்புக்கு சிஸ்டம் குடுத்த நம்பர, குடுத்தா எதிர்ப்பக்கத்து ஐபியும் போர்ட்டும் கிடைச்சிடும்.

ஆனா என்னக் கேட்டா அக்செப்ட் பண்ணும்போதே அட்ரஸ வாங்கி வச்சுக்கணும். கிளையன்ட் பட்டுனு கனெக்‌ஷன அறுத்துட்டு போயிட்டா அப்புறம் கெட்பியர்நேம கேட்டாலும் கனெக்ட் ஆகலன்னு எரர் வரலாம், யாரு வந்துட்டு போனதுன்னு தேடுற நேரத்துலதான் அது கைவிடும். வேற புரோகிராம் அக்செப்ட் பண்ணி நம்மகிட்ட சாக்கெட்ட மட்டும் குடுக்குதுன்னா அப்ப கெட்பியர்நேம்தான் வழி, அதையும் முதல் வேலையா கூப்பிட்டுடுங்க.

அட்ரஸ் வந்து உக்கார்ற மெமரி இடத்த தாராளமா ஒதுக்குங்க. ஐபிவி4க்கு 16 பைட் போதும், ஐபிவி6க்கு 28 வேணும், கம்மியா ஒதுக்குனா அட்ரஸ் வெட்டுப்பட்டு வரும். நெட்வொர்க்ல பைட் வர்ற வரிசையும் நம்ம பிசில இருக்கிற வரிசையும் வேற, அதனால போர்ட் நம்பர்ல பைட்ட என்டிஓஹெச்எஸ் (ntohs) ஃபங்ஷன வச்சு திருப்பிப் போடாம விட்டா 50000ங்கிறது 20675னு தெரியும்.

இதவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. கிடைச்ச ஐபி ஒரே ஆளோடதுன்னு நினைச்சுடாதீங்க. ஓசூர்ல கம்பெனி பசங்க தங்குற லாட்ஜுக்கு கதவு நம்பர் ஒண்ணுதான், உள்ள எத்தனையோ ரூமு, அந்த மாதிரி மொபைல் நெட்ல ஒரே பப்ளிக் ஐபி பின்னாடி நெறைய பேர் இருக்காங்க, ரூம் நம்பர் மாதிரி போர்ட் நம்பர்தான் ஆள பிரிச்சுக் காட்டும். அதனால லாக்ல ஐபிய மட்டும் எழுதாம போர்ட்டையும் சரியான நேரத்தையும் சேத்து எழுதுங்க, 2011லயே ஆர்எஃப்சி 6302ங்கிற இன்டர்நெட் பரிந்துரை ஆவணம் இதத்தான் சொல்லுச்சு. ஒரே ஐபின்னு தடை போட்டா சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேருக்கும் சேத்து கதவு சாத்திடுறோம், அது ரொம்ப அநியாயம்ங்க.

சர்வருக்கு முன்னால பிராக்சி, அதாவது கிளையன்ட் கேக்குறத வாங்கி நம்ம சர்வருக்கு அனுப்புற இடைத்தரகர் சர்வர், இருந்தா கிடைக்கிறது பிராக்சியோட அட்ரஸ்தான். உண்மையான அட்ரஸ அது ஹெட்டர்ல, அதாவது தகவலோட சேத்து அனுப்புற குறிப்பு வரியில, போட்டு அனுப்பும், ஆனா அந்த ஹெட்டர யாரு வேணாலும் பொய்யா எழுதி அனுப்ப முடியும், உங்க சொந்த பிராக்சில இருந்து வந்தா மட்டும் நம்புங்க.